கோட்டுக்குக் கீழே

சங்கிலிபூதத்தானை இரவு எட்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி அவன் அம்மா சுடலைவடிவு. இன்னொருத்தி அவன் மனைவி செல்வமணி. செல்வமணியின் வேலை, பஸ், சாப்பாடு எல்லாம் அந்த எட்டு மணியை வைத்துத்தான் ஓடின.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேரன்மகாதேவி தாண்டி அவன் பைக்குக்குக் குறுக்கே ஒரு எருமை வந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் கனன்று புண்ணாகிவிடும். பகலில் மாமியார் தலையணையை முட்டுக்கொடுத்து அரைப்பக்கம் சாய்ப்பாள். மில் ஷிப்டு விட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர், சாயங்காலம் வேறு வேலைக்குப் போகும் முன், மூன்றரைக்கு ஒரு கை பிடிப்பார். அதன்பிறகு எட்டு மணி வரைதான் உடம்பு தாங்கும். இடது இடுப்பில் வந்த ஒரு புண் ஆற ஏழு மாதம் பிடித்தது.

அதனால் செல்வமணி காலை ஏழரைக்கு விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறி, ஒன்பதேகாலுக்குத் திருநெல்வேலி டவுணில் இறங்குவாள். மாலை ஐந்தேமுக்கால் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு முப்பது இடங்களுக்கு மேல் எழுதிப் போட்டிருந்தாள். பாதிப் பேர் பதில் எழுதவில்லை. மீதிப் பேர் வாரம் மூன்று நாள் சென்னைக்கு வரச் சொன்னார்கள்.

தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஆபீஸ். முதலாளி செந்தூர்பாண்டி. ஒருகாலத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது செல்வமணியும் ஹாஜாவும்தான். வாடிக்கையாளரும் ஒருவர்தான்: தெற்கு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு நிர்வாகச் செயலி நடத்தும் ஒரு கோவைக் கம்பெனி. மாணவர், வேன், விடுதி, நூலகம் என்று நூற்றெண்பத்தாறு தகவல் அட்டவணைகள்; ஆபீஸ் பேச்சில் டேபிள்கள். எல்லாவற்றையும் இந்த மாடியில்தான் எழுதினார்கள்.

ஒரு டேபிளுக்கு ஒரு கிளாஸ், அதாவது அந்த டேபிளைக் கையாளும் நிரல். அந்தக் கிளாஸை யாரும் கையால் எழுதுவதில்லை. அதற்கென்று ஒரு மென்பொருள் கருவி இருக்கிறது. அது டேபிளைப் பார்த்துக் கிளாஸை எழுதித் தரும். டேபிளில் ஒரு கட்டம் கூடினால் கருவியை மறுபடி ஓட்ட வேண்டும். ஓட்டினால் பழைய ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். ஆகவே கையால் எழுதுவதைக் கருவி எழுதிய ஃபைலில் வைக்கக் கூடாது. வேறு ஃபோல்டரில், கருவி தொடாத ஃபைலில் வைக்க வேண்டும். படித்து வேலைக்கு வந்த முதல் மாதமே எல்லோருக்கும் இது தெரிந்துவிடும்.

இந்த ஆபீஸில் வேறு வழக்கம். முன்னால் இங்கே இருந்த சுடலைராஜ் ஆரம்பித்து வைத்தது. கருவி எழுதிய ஃபைலின் அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே தன் கைவேலையை எழுதிக்கொண்டான். கருவியை ஓட்டும் முன் கீழே உள்ளதை வெட்டி எடுத்து வைப்பார்கள். ஓட்டி முடிந்ததும் திரும்ப ஒட்டுவார்கள். இதற்கு ஆபீஸில் ‘ஒட்டுப் போடுவது’ என்று பேர். ஹாஜா மூன்று வருஷமாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். எந்த ஃபைலில் கோடு இருக்கிறது, எதில் இல்லை என்று அவனுக்கும் செல்வமணிக்கும் மட்டும் தெரியும். சுடலைராஜ் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான்.

வைகாசி கடைசியில் கோவையிலிருந்து பிரியதர்ஷினி போன் செய்தாள். கம்பெனியில் இந்தச் செயலிக்கு அவள்தான் பொறுப்பு. செயலிக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க்கைப் புதிய பதிப்புக்கு மாற்றப்போகிறார்கள். அதற்கு முன்னால் கருவி எழுதியது தனியாக, கையால் எழுதியது தனியாக வேண்டும். பத்து வாரம் கெடு. முடியாவிட்டால் ஒப்பந்தம் அத்துடன் சரி.

செல்வமணி வேலையைத் தொடங்கினாள். ஒரு காலி ஃபோல்டரில் கருவியை ஓட்டுவாள். அது தருவதையும் ஆபீஸில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். வித்தியாசப்படுவதெல்லாம் மனிதன் எழுதியது. அதை எடுத்து, கருவி தொடாத மேல் ஃபோல்டரில் தனி ஃபைலாக வைப்பாள். எழுபத்து மூன்று கிளாஸ்களில் கோடு இருந்தது.

கோட்டுக்குக் கீழே என்னென்னவோ இருந்தது. அப்பா பெயர் இல்லாத பிள்ளைக்கு அம்மா பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி. ஆற்றில் தண்ணீர் வந்தால் சீவலப்பேரி வேன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும் என்று ஒன்று. அதைப் பெருவெள்ளம் வடிந்த வாரத்தில் எழுதியிருக்கிறார்கள். விடுதியில் இந்தப் பிள்ளையை அம்மாவைத் தவிர யாரிடமும் அனுப்பக் கூடாது என்று ஒன்று. எந்தப் பிள்ளை, ஏன் என்று எழுதவில்லை.

“அக்கா, மாணவர் கிளாஸ்ல சுடலை அண்ணன் எழுதி வச்சிருக்கதப் பாத்தியளா?” என்றான் ஹாஜா.

“என்ன?”

“‘இதத் தொட்டவன் வெளங்க மாட்டான்’னு போட்டிருக்காரு.”

“நேத்தே தொட்டாச்சு.”

“அப்ப சரி. நமக்கென்ன, புதுசாவா வெளங்காமப் போகப் போறோம்.”

அவள் சிரித்தாள். அந்த வாரம் பதினான்கு கிளாஸ் முடிந்தது. பல வருஷத்துக் குப்பை ஒழுங்காகிக்கொண்டிருந்தது. ஃபோல்டரைத் திறந்தாலே மனசுக்கு ஆறுதலாக இருந்தது. கெடுவுக்குள் முடித்துவிட்டால் ஒப்பந்தம் நிலைக்கும், ஐந்தேமுக்கால் பஸ் நிலைக்கும் என்று நினைத்தாள்.

ஏழாவது வாரம் செந்தூர்பாண்டி அவள் மேஜைக்கு வந்தார். ஹாஜா தொழுகைக்குப் போயிருந்தான்.

“எத்தன முடிஞ்சிருக்கும்மா?”

“அம்பத்தஞ்சு அண்ணாச்சி.”

“எழுபத்தி மூணுல?”

“ஆமா. கெடுவுக்கு முன்னாலயே முடிஞ்சிரும்.”

“பைய செய்யி தாயி.” அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “ஒண்ணு கேக்கேன். கோயம்புத்தூர்க்காரன் ஏன் நம்மளக் கட்டிக்கிட்டு அழுதான்? அங்கன இல்லாத ஆளா?”

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“ஒரு டேபிள்ல கைய வச்சா எது அழியும், எத எங்கன ஒட்டணும், அது நமக்குத்தான் தெரியும். அதான். நீ எல்லாத்தையும் பிரிச்சு, அடுக்கி, பேரெழுதிக் கையில குடுத்துட்டா, பொறவு நாம எதுக்கு? முடிச்சு இருக்க வரைக்கும்தான் அவுக்க ஆளு வேணும்.”

“அப்ப முடிக்க வேண்டாங்கியளா?”

“முடிக்காட்டா இந்த மாசம் போயிரும்.”

“முடிச்சா?”

“அடுத்த மாசம் போயிரும்.”

கீழே ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

“ஒரு பத்துப் பன்னெண்ட மட்டும் பழையபடியே விட்டுரு. கோட்டுக்குக் கீழயே கிடக்கட்டும். அவன் ஆளு கருவிய ஓட்டுவான். அழிஞ்சிரும். நம்மளக் கூப்பிடுவான். ரெண்டு தடவ கூப்பிட்டான்னா, இவங்க இல்லாம ஆகாதுன்னு ஒரு வருசம் எழுதிருவான்.”

“எத விட?”

“வலிக்கிற இடமாப் பாத்து விடு. வலிச்சாத்தான் கூப்பிடுவான்.”

அவர் கெட்டவர் அல்ல. சங்கிலிபூதத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் அவளுக்குச் சம்பளம் போட்டவர்.

இரண்டு நாள் அவள் வேலை ஓடவில்லை. மீதி இருந்த பதினெட்டுக் கிளாஸ்களையும் திறந்து திறந்து மூடினாள். வலிக்கிற இடம் எது என்று தெரியும். விடுதி. வேன். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஆகாது என்கிற டேபிள். அது அழிந்தால் அன்றைக்கே போன் வரும். போன் வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு பள்ளியில், ஏதோ ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்தாள். அந்த மூன்றையும் முதலில் பிரித்து மேல் ஃபோல்டரில் வைத்தாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு இன்னும் நான்கைப் பிரித்தாள்.

பதினொன்று மிஞ்சியது. நூலகம், சீருடை அளவு, விளையாட்டு விழா அணி, தொலைந்த பொருள் பதிவு, தோட்டத்துச் சாமான் என்று எல்லாம் சின்னச் சின்ன டேபிள்கள். அவற்றின் விதி அழிந்தால் புத்தகம் திருப்ப வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும். ஒரு பையனுக்குச் சட்டை ஒரு அளவு பெரிதாகப் போகும். யாருக்கும் வலிக்காது. ஆனால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்தாலும் கூப்பிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பதினொன்றையும் கோட்டுக்குக் கீழே அப்படியே விட்டாள்.

சங்கிலிபூதத்தானிடம் சொன்னாள். அவனைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள் அப்போது.

“தப்பாங்க?”

“யாரு வீட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டு வந்த?”

“நூலகம்.”

“நூலகத்துல எவன் திருடப் போறான்? புக்குதான இருக்கு.” கொஞ்சம் கழித்து, “எனக்காவ செய்யாத பிள்ள. வேணும்னா உனக்காவச் செய்யி,” என்றான்.

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள்.

ஆடி கடைசி வாரம், கெடுவுக்கு நான்கு நாள் முன்னால், எல்லாவற்றையும் அனுப்பினார்கள். செந்தூர்பாண்டி அல்வா வாங்கி வரச் சொன்னார். வாழையிலையில் சூடாக வந்தது. ஹாஜா இரண்டு பங்கு தின்றான்.

மறுநாள் கோவையிலிருந்து ஒரு மெயில் வந்தது. பணிவான மெயில். வேலை மிக நேர்த்தியாக இருக்கிறது என்று தொடங்கியது. தங்கள் பக்கம் ஏஐயிடம் கொடுத்து முழுவதையும் ஒருமுறை சரிபார்த்ததாகச் சொன்னது. தவறுதலாக விடுபட்டவை என்ற தலைப்பின் கீழே பதினோரு ஃபைல்களின் பெயர் இருந்தது. அவற்றையும் அதுவே பிரித்து மேல் ஃபோல்டரில் சேர்த்துவிட்டது. எடுத்த நேரம் நாற்பது நிமிஷம். கடைசிப் பத்தியில், ஒப்பந்தம் ஆவணியோடு முடிகிறது, இத்தனை வருஷ ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருந்தது.

செந்தூர்பாண்டி அதை நின்றபடியே படித்தார்.

“நாப்பது நிமிசமா?” என்றார்.

ஹாஜா விரல்விட்டு எண்ணினான்.

“பதினொண்ணுக்கு நாப்பது நிமிசம்னா, எழுபத்தி மூணுக்கு...” என்று ஹாஜா ஆரம்பித்தான்.

“சும்மா கிடலே,” என்றார் அவர்.

ஹாஜா தலையைக் குனிந்துகொண்டான். போய்ச் சேர அவனுக்கு மஸ்கட்டில் மாமா இருந்தார்.

பிரியதர்ஷினி அன்று மாலை ஐந்தரைக்குப் போன் செய்தாள். செல்வமணியின் எண்ணுக்கே வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். செந்தூர்பாண்டி எதிர் நாற்காலியில் இருந்தார்.

“செல்வமணிங்களா? வேலை ரொம்ப நல்லா வந்திருக்குங்க. எங்க ஆளுங்களே ஆச்சரியப்பட்டாங்க.”

“சரிங்க மேடம்.”

“அந்தப் பதினொண்ணு மட்டும் எப்படிங்க விட்டுப்போச்சு? மத்ததெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்குது. அதான் புரியலைங்க.”

செந்தூர்பாண்டிக்கும் அது கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளிடம் இரண்டு பதில் இருந்தது. வேண்டுமென்றே விட்டோம் என்று சொல்லலாம். சொன்னால் அவர் பேர் போகும். இந்த ஊரில் அவருக்கு இனி எவனும் வேலை கொடுக்கமாட்டான். கவனிக்கவில்லை என்று சொல்லலாம். அவள் இந்தத் தொழிலுக்கு வந்து பத்து வருஷம். ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“கவனிக்கல மேடம்,” என்றாள்.

அந்தப் பக்கம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சரிங்க. உங்ககிட்ட இதச் சொல்லலாமான்னு தெரியலை. ஒருத்தரை மட்டும் எங்க பக்கம் எடுத்துக்கலாம்னு பேசி வச்சிருந்தோங்க. அந்த விதியெல்லாம் ஏன் இருக்குதுன்னு தெரிஞ்ச ஆள் வேணும்னு. லேப்டாப் நாங்களே அனுப்பிடுவோம், வீட்ல இருந்தே பார்க்கலாம். உங்க பேரத்தான் நான் குடுத்திருந்தேன்.”

“சரிங்க.”

“அந்த லிஸ்ட் வந்ததும் மேல வேண்டாம்னுட்டாங்க. கவனம் இல்லாத ஆளை வச்சு என்ன பண்ணன்னு. நான் சொல்லிப் பார்த்தேங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லைங்க மேடம்.”

போனை வைத்தாள். செந்தூர்பாண்டி திரும்பினார்.

“என்ன சொல்லுதா?”

பிந்திச் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று தெரிந்தது.

“வேலை நல்லா வந்திருக்காம்,” என்றாள்.

“அத வச்சு என்ன செய்ய?” என்றார். பிறகு, “நான்தான் தாயி உன்னையக் கெடுத்தேன்,” என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. படியிறங்கி வந்தபோது ஐந்தேமுக்கால் பஸ் போயிருந்தது. அடுத்தது ஆறேகாலுக்கு வந்தது. பேட்டை வரை நின்றுகொண்டு போனாள். சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறி இறங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. பஸ்ஸில் அவள் கணக்கெடுத்துப் பார்த்தாள். அந்தப் பதினொன்றையும் அவள் பிரித்திருந்தால் ஒன்றரை நாள் ஆகியிருக்கும். ஒன்றரை நாள் வேலை. அதைச் செய்திருந்தால் இப்போது லேப்டாப் கூரியரில் வந்துகொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை.

மாமியார் வாசலிலேயே நின்றாள். “எங்கன போயிட்ட? நான் ஒத்தையாப் புரட்டிப் பாத்தேன். ஆவல.”

செல்வமணி பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். இரண்டு பேரும் போர்வையின் இரண்டு முனையையும் பிடித்து, ஒன்று இரண்டு சொல்லி, அவனை வலப்பக்கம் புரட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சொருகினாள்.

“என்னட்டி மூஞ்சி எருமை மாதிரி இருக்கு?” என்றான் அவன் சுவரைப் பார்த்தபடி. “எனக்கு எருமைன்னாலே பயம்.”

“ஆபீஸ மூடுதாவ.”

அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

“ஆவணியோட,” என்றாள். போனில் வந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவன் தன்னைத்தான் திட்டிக்கொள்வான். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

“சென்னைக்குப் போ,” என்றான்.

“போயி?”

“மாசா மாசம் வா.”

“எட்டு மணிக்கு யாரு பிடிப்பா? மேலத்தெருக் கோயில் பூதத்தாரா வருவாரு?”

“கூப்பிட்டா வந்தாலும் வருவாரு. எனக்கு அவரு பேருதான வச்சிருக்கு.”

மாமியார் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். “நம்ம கிரேஸ் சொன்னா,” என்றாள். கிரேஸ் எதிர்வீட்டுப் பெண். அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். “அவ கடையில பில்லு போட கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொம்பள வேணுமாம். உன்னையக் கேட்டா. நான் பதில் சொல்லல.”

“எத்தன மணி வரைக்கும் அத்த?”

“கடை அடைக்க ஒம்பது. வந்துசேர ஒம்பதரை, ஒம்பதே முக்கால் ஆகும்னா.”

சங்கிலிபூதத்தான் சிரித்தான். “அதுக்கென்ன, ஒம்பதே முக்காலுக்குத் திருப்புங்க. நான் எந்த பஸ்ஸப் பிடிக்கப் போறேன்?”

“வாய மூடுல,” என்றாள் அவன் அம்மா.

செல்வமணி வேட்டியை விலக்கி இடது இடுப்பைப் பார்த்தாள். பழைய புண் இருந்த இடத்துக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள்: விரலால் அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது.

அழுத்தினாள். எடுத்தாள். வெளுக்கவில்லை. விளக்குக்கு நேராகக் குனிந்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

“என்ன இருக்கு?” என்றான். அவனுக்கு அங்கே எதுவும் தெரியாது.

“ஒண்ணுமில்ல.”

மருந்தை எடுத்துப் பூசினாள். வேட்டியை இழுத்து மூடினாள். மாமியார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடையில என்னைக்கு வரச் சொன்னாவளாம் அத்த?” என்று செல்வமணி கேட்டாள்.